பின்னல் குறிப்புக்கும் மறுபதிப்பு வேண்டும்

கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர் ஒரு பின்னல் குறிப்பை நம்பித் தன் பணத்தையும் பல வார மாலைப்பொழுதுகளையும் அதில் போடுகிறார். எந்த ஊசி, எவ்வளவு நூல், எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும், எந்த வரிசையில் எத்தனை குறைக்க வேண்டும், கை எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்று காகிதத்தில் உள்ள வரிகளே அவருக்கு வழி. அந்த வரிகளில் ஒன்று தவறாக இருந்தால் அது உடனே தெரியாது. கழுத்துக்கு வந்த பிறகுதான் கணக்கு இடிக்கும். சில சமயம் முடித்து, துவைத்து, மாட்டிப் பார்க்கும்போதுதான் அக்குள் தொங்குவது கண்ணில் படும். அப்போது பெரும்பாலோர் தங்கள் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறிப்பை எழுதியவரைக் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே கேள்வியை எழுதியவரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். ஒரு பின்னல் குறிப்பை வடிவமைத்தவர் அதை வெளியிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து, பிறர் பின்னி உடுத்தித் துவைத்த ஆடைகளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அதை மறுபடி எடுத்து அளக்க வேண்டும். கண்டதைத் தேதி போட்டு வெளிப்படையாகத் திருத்த வேண்டும்.

பின்னலாடை என்றால் நம் மாநிலத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது திருப்பூர். அங்கே ஓர் ஏற்றுமதி ஆர்டர் முழு உற்பத்திக்குப் போவதற்கு முன் எத்தனை படிகளைத் தாண்டுகிறது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு சாம்பிள். பிறகு ஒவ்வோர் அளவிலும் ஒன்று தைத்துப் பார்க்கும் சைஸ் செட். துவைத்தால் துணி எவ்வளவு சுருங்குகிறது என்ற சோதனை. மார்பு, தோள், கை நீளம் என ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற வரம்பு. இவ்வளவும் ஒரு சாதாரண பனியனுக்கு நடக்கிறது. கைப்பின்னல் குறிப்பு எழுதும் தனி வடிவமைப்பாளரிடம் இந்த ஏற்பாடு கிடையாது. அவர் பெரும்பாலும் ஓர் அளவில் ஒரே ஓர் ஆடையைப் பின்னுகிறார், அதைப் படம் எடுக்கிறார், மற்ற எல்லா அளவுகளையும் கணக்குப் போட்டு அட்டவணையில் எழுதுகிறார். பொறுப்பானவர்கள் நாலைந்து பேரிடம் கொடுத்து முன்கூட்டியே பின்னிப் பார்க்கச் சொல்கிறார்கள். எண்களைச் சரிபார்க்கத் தொழில்நுட்ப எடிட்டர் ஒருவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தச் சோதனை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஓர் ஆடை இரண்டு குளிர்காலம் உழைத்த பிறகு எப்படி நிற்கிறது என்பதை வெளியீட்டுக்கு முன் யாராலும் சொல்ல முடியாது. ஆலையில் உற்பத்திக்கு முன்னால் நடக்கும் சோதனை, கைப்பின்னலில் வெளியீட்டுக்குப் பின்னால்தான் நடக்க முடியும். எழுதியவர் திரும்பிப் பார்க்காவிட்டால் அது நடக்காமலே போகிறது.

எழுதியவர் பின்னிய ஆடை ஏன் போதிய சாட்சி ஆகாது என்பதைக் கேஜ் கணக்கு காட்டும். பத்து சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி விழுகிறது என்பதே கேஜ். குறிப்பில் 22 கண்ணி என்று இருக்கிறது, ஆடையின் மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உடலுக்கு 220 கண்ணி வேண்டும். அதே நூலையும் அதே ஊசியையும் கொண்டு தளர்வாகப் பின்னும் ஒருவருக்குப் பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணி விழுந்தால் அந்த 220 கண்ணி 110 சென்டிமீட்டராக விரிந்துவிடும். இறுக்கமாகப் பின்னுகிறவருக்கு 24 விழுந்தால் 92 சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடும். பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி வித்தியாசம் ஆடையை ஓர் அளவு மேலேயோ கீழேயோ தள்ளிவிடுகிறது. இதனால்தான் முதலில் மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பாருங்கள் என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. ஆனால் அகலத்தைச் சரிசெய்துகொண்டவருக்கும் உயரம் சரியாக அமைவதில்லை. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு 30 வரிசை என்று கணக்கிட்டு, தோளிலிருந்து அக்குள் வரை 66 வரிசை பின்னுக என்று எழுதினால் அது எழுதியவர் கையில் 22 சென்டிமீட்டர். 27 வரிசை விழுகிறவருக்கு அது 24 சென்டிமீட்டரைத் தாண்டும். எழுதியவரின் கை எப்போதும் எழுதியவரின் கேஜிலேயே பின்னுகிறது. வரிசையை எண்ணச் சொல்லாமல், இத்தனை சென்டிமீட்டர் வரும்வரை பின்னுக என்று எழுதியிருக்க வேண்டிய இடம் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குறிப்பில் விடுபட்டதை அவருடைய பழக்கம் நிரப்பிவிடுகிறது. அந்தப் பழக்கம் இல்லாத கை எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் குறிப்பின் ஓட்டை தெரியும்.

நூலின் குணம் அடுத்தது. இது இன்னும் மெதுவாக வெளிப்படும் குறை. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் பின்னல் தன் வடிவத்தில் நிற்கிறது. வாஷிங் மெஷினில் போடத்தக்க சூப்பர்வாஷ் கம்பளியில் அந்தச் செதில்களை வேதிமுறையில் மழுக்கிப் பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். சிக்கிச் சுருங்காது என்பது நன்மை. நனைந்தால் பிடிப்பின்றி நீளும் என்பது அதன் மறுபக்கம். அல்பகா நூல் மிருதுவானது, கம்பளி அளவுக்குச் சுருண்டு மீளும் தன்மை அதில் இல்லை. ஆடையின் எடையே அதைக் கீழே இழுக்கும். பருத்தியும் அப்படித்தான். வெளியீட்டு நாளில் சாம்பிளின் கை மணிக்கட்டோடு நின்றிருக்கலாம். பத்துத் துவைப்புக்குப் பிறகு உள்ளங்கையை மூடலாம். இத்தனையும் நூல் விற்பவர் பொறுப்பு என்று தள்ளிவிட முடியாது. இந்த வடிவத்துக்கு இந்த நூல் என்று பரிந்துரைத்தவர் வடிவமைப்பாளர். தவிர, நூல்களுக்கு ஆயுள் குறைவு. நிறுவனங்கள் ஒரு வகையை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவருகின்றன. பழைய குறிப்பில் பெயர் மட்டும் எழுதி, நூலின் தடிமன், நூறு கிராமுக்கு எத்தனை மீட்டர், என்ன இழை என்ற விவரம் இல்லாவிட்டால் அந்த நூல் நின்ற அன்றே குறிப்பும் பாதி செத்துவிடுகிறது. அதை உயிரோடு வைக்க மூன்று வரி திருத்தம் போதும்.

இந்தத் துறையில் தன் வேலையைத் தானே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எலிசபெத் சிம்மர்மன். 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்து 1999-ல் மறைந்தவர். 1950-களில் அவர் தந்த வட்டப் பின்னல் ஸ்வெட்டர் குறிப்பை ஒரு பத்திரிகை, முன்னும் பின்னும் தட்டையாகப் பின்னித் தைக்கும் முறைக்கு மாற்றி அச்சிட்டது. தன் சிந்தனையின் மையத்தையே எடுத்துவிட்டார்கள் என்று அவர் உணர்ந்தார். 1958-ல் தன் குறிப்புகளைத் தானே அச்சிட்டு அனுப்பும் செய்திமடலைத் தொடங்கினார். ஸ்கூல்ஹவுஸ் பிரஸ் என்ற பதிப்பகமும் அந்த முயற்சியோடு வளர்ந்தது. 1971-ல் வந்த 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' நூலில் அவர் முன்வைத்த சதவீத முறை இன்றும் பின்னுகிறவர்களுக்குப் பாடம். மார்புச் சுற்றளவைக் கேஜால் பெருக்கி வரும் கண்ணி எண்ணிக்கையை நூறு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக்கு அதில் 20 சதவீதம், கையின் மேற்புறத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கழுத்துக்கு 40 சதவீதம். கழுத்திலிருந்து அக்குள் வரை வரும் தோள்வட்டத்தின் ஆழம் உடல் அகலத்தில் பாதி. எந்த நூலிலும் எந்த அளவிலும் அளவு அட்டவணை இல்லாமலே ஸ்வெட்டர் பின்னலாம். பின்னுகிறவரின் கையில் கணக்கைக் கொடுத்துவிட்ட இந்த எளிமை, என் மதிப்பில், இருபதாம் நூற்றாண்டுக் கைப்பின்னலின் மிகப் பெரிய கொடைகளில் ஒன்று.

அந்தப் பெருமையை மதித்துக்கொண்டே அந்த முறையை அளந்து பார்க்கலாம். ஆடையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர் என்றால் மணிக்கட்டு 20, கழுத்து 40, தோள்வட்ட ஆழம் 25 சென்டிமீட்டர் வருகிறது. நன்றாகப் பொருந்தும். இப்போது சுற்றளவை 150 ஆக்குவோம். மணிக்கட்டு 30 சென்டிமீட்டர். அவ்வளவு பருமனான மணிக்கட்டு மனிதர்களுக்கு அரிது. கழுத்து 60 சென்டிமீட்டர், தோளிலிருந்து வழுக்கும். ஆழம் 37.5 சென்டிமீட்டர், அக்குள் இடுப்பை நோக்கி இறங்கி, கையைத் தூக்கினால் ஆடை முழுவதும் கூடவே எழும். மறுபுறம் குழந்தைக்குப் போவோம். சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்றால் கழுத்து 20 சென்டிமீட்டர். ஆறு மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு 43 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பொத்தான் திறப்பு வைக்காவிட்டால் அந்த ஸ்வெட்டர் தலையைத் தாண்டாது. உடம்பு எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை. மார்பு ஒன்றரை மடங்கு ஆனால் எலும்பு ஒன்றரை மடங்கு ஆவதில்லை. நடு அளவுகளில் அழகாக நிற்கும் ஒரு விகிதம் இரண்டு ஓரங்களிலும் உடைகிறது என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. சிம்மர்மனும் சதவீதங்களைத் தொடக்கப் புள்ளியாகவே தந்தார். பின்னாளில் கையின் மேற்புறத்துக்கான பங்கு சற்றுத் தளர்த்தப்பட்டது. அவரைப் பின்பற்றிய வடிவமைப்பாளர்கள் பெரிய அளவுகளில் தோள்வட்ட ஆழத்துக்கு ஓர் உச்ச வரம்பு வைக்கிறார்கள், மணிக்கட்டைத் தனியாக அளக்கிறார்கள். முறை கைவிடப்படவில்லை. எது வரை செல்லும் என்ற எல்லை தெரிந்ததால் அதன் மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது.

அவருடைய இன்னொரு படைப்பு வேறொரு பாடம் தருகிறது. 1968-ல் தன் செய்திமடலில் வெளியிட்ட குழந்தைச் சட்டையைப் பின்னுகிறவர்கள் 'பேபி சர்ப்ரைஸ் ஜாக்கெட்' என்று அறிவார்கள். 160 கண்ணி ஏற்றி, இரண்டு இடங்களில் குறைத்துக்கொண்டே போய், பிறகு அதே இடங்களில் கூட்டிக்கொண்டே வந்தால் கையில் இருப்பது உருவம் புரியாத ஒரு துண்டு. அதைச் சரியாக மடித்துத் தோளில் இரண்டு தையல் போட்டதும் சட்டை ஆகிறது. அளவு மாற வேண்டுமானால் கண்ணி எண்ணிக்கையைத் தொட வேண்டியதில்லை. நூலையும் ஊசியையும் மாற்றினால் போதும். வடிவமைப்பில் ஒரு குறையும் காண முடியாத வேலை இது. ஆனால் முதலில் எழுதப்பட்ட குறிப்பு மிகச் சுருக்கமானது. எந்த விளிம்பு எந்தப் பக்கம் ஆகப்போகிறது என்று தெரியாமல், பாதி வழியில் நம்பிக்கை இழந்தவர்கள் ஏராளம். பின்வந்த பதிப்புகளில் அதே சட்டைக்கு விளக்கம் நீண்டது, படங்கள் சேர்ந்தன, வரிசை வரிசையாக எழுதப்பட்ட வடிவமும் வந்தது. சட்டை மாறவில்லை, சட்டையைச் சொல்லும் மொழி மாறியது. மறுமதிப்பீடு என்றதும் பல வடிவமைப்பாளர்கள் தங்கள் கற்பனையைக் குறை சொல்கிறார்கள் என்று பதறுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் திருத்தம் கேட்பது கற்பனை இல்லை. 'மற்றப் பக்கமும் இதேபோல் பின்னுக' என்ற ஒரு வரிதான். கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்ற வேண்டுமா, அப்படியே திருப்பிச் செய்ய வேண்டுமா என்று அந்த வரி சொல்லாமல் விட்டுவிடும். அதை எழுதியவருக்கு அதில் ஐயமே இல்லை; படிப்பவருக்கு அது ஒரு மாலைப்பொழுது.

மறுமதிப்பீட்டுக்கான ஆதாரம் இன்று முன்னெப்போதையும்விட அதிகமாகக் கிடைக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் ஜெசிக்கா, காசிடி ஃபோர்ப்ஸ் இணையர் தொடங்கிய ராவெல்ரி என்ற பின்னல் இணையதளத்தில், ஒரு குறிப்பைப் பின்னியவர்கள் தாங்கள் எடுத்த நூல், ஊசி, அளவு, செய்த மாற்றம் எல்லாவற்றையும் பதிகிறார்கள். ஆடையின் படத்தையும் சேர்க்கிறார்கள். 1971-ல் ஒரு வடிவமைப்பாளருக்குக் கடிதங்கள் மட்டுமே வந்தன. இன்று ஒரே குறிப்பிலிருந்து பிறந்த நூற்றுக்கணக்கான ஆடைகளை, வெவ்வேறு உடல்களில், வெவ்வேறு நூல்களில் ஒருசேரப் பார்க்க முடிகிறது. ஒருவர் கழுத்தைக் குறைத்தார் என்றால் அது அவர் விருப்பம். ஐம்பது பேர் அதே இடத்தில் கழுத்தைக் குறைத்திருந்தால் அது குறிப்பின் பிழை. ஆனால் இந்தப் பதிவுகளை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். முடித்தவர்கள்தான் பெருமையோடு படம் போடுகிறார்கள். தோற்றவர்கள் பேசாமல் விலகிவிடுகிறார்கள். முடித்தவர்களின் பாராட்டை மட்டும் எண்ணுகிற வடிவமைப்பாளர் தன் குறிப்பைப் பற்றி அறிய வேண்டியதில் பாதியைத்தான் அறிகிறார். பாதியில் நிறுத்தியதாகவும் பிரித்துவிட்டதாகவும் குறிக்கப்பட்ட பதிவுகளை முதலில் திறக்க வேண்டும், அவை எந்த இடத்தில் நின்றன என்று பார்க்க வேண்டும். பலர் அக்குளில் கண்ணி பிரிக்கும் இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுத வேண்டும். பலர் நூல் போதாமல் நின்றிருந்தால் எடைக் கணக்கு தவறு: சாம்பிளை எடைபோட்டு மீட்டராக மாற்றியதோடு நிறுத்தியிருப்பார்கள், மாதிரித் துண்டுக்கும் பிரித்துப் பின்னுவதற்கும் இடம் விட்டிருக்க மாட்டார்கள். எந்த அளவில் ஒருவர்கூடப் பின்னவில்லை என்பதும் செய்திதான். அந்த அளவின் எண்கள் எந்த உடம்பிலும் சோதிக்கப்படாதவை.

அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே குறை வெறும் அசௌகரியத்தோடு நிற்பதில்லை. பல பத்தாண்டுகள் நூல் நிறுவனங்களின் துண்டுப் பிரசுரங்கள் பெரும்பாலும் 32 முதல் 40 அங்குல மார்பு வரை மட்டுமே அளவு கொடுத்தன. அதற்கு மேல் உள்ளவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி, இது உனக்கானது இல்லை என்பது. 2019 வாக்கில் ஆங்கிலம் பேசும் பின்னல் உலகில் இது உரத்த விவாதமாயிற்று. அதன் பிறகு பல வடிவமைப்பாளர்கள் தங்கள் பழைய குறிப்புகளை எடுத்து, 60 அங்குலம் வரையும் அதற்கு மேலும் அளவுகளைச் சேர்த்து மறுவெளியீடு செய்தார்கள். ஸ்காட்லாந்தின் வடிவமைப்பாளர் யஸோல்டா டீக் 2011-லேயே 'லிட்டில் ரெட் இன் தி சிட்டி' என்ற நூலில் ஸ்வெட்டர் உடம்பில் எப்படிப் பொருந்துகிறது என்பதை விரிவாக எழுதியிருந்தார். அளவுகளைச் சேர்த்த அந்த மறுவெளியீட்டை அரசியல் நெருக்கடிக்குப் பணிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. எண்களைப் பார்த்தால் அது கணக்குத் திருத்தம் என்பது புரியும். நடு அளவு ஒன்றை விகிதத்தில் பெருக்கி மேலே கொண்டுபோன குறிப்புகள் பெரிய அளவில் எப்படி உடைகின்றன என்று மேலே பார்த்தோம். தோளின் அகலம், மேற்கையின் சுற்று, மார்பின் முன்பக்கம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கணக்கிட்டால்தான் அட்டவணையின் கடைசி நிரல் முதல் நிரலைப்போல உண்மை பேசும். பார்வை குறைந்தவர்களின் தேவையும் இதே வரிசையில் வருகிறது. கட்டங்களாக வரைந்த சார்ட் மட்டும் இருக்கும் குறிப்பைத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளால் படிக்க முடியாது. அதே வேலைப்பாட்டை வாக்கியமாகவும் எழுதிச் சேர்ப்பது மறுபதிப்பின் கடமை.

எதிர்வாதங்களில் முதலாவது, படைப்பைப் பற்றியது. ஒரு கவிஞர் பழைய கவிதையை நோண்டிக்கொண்டிருந்தால் அதன் முதல் வேகம் போய்விடும். வடிவமைப்பும் அப்படித்தான், அதை அதன் காலத்தோடு விட்டுவிடுங்கள் என்கிறார்கள். இதில் பாதி சரி. ரசனை மாறிவிட்டது என்பதற்காக ஒரு குறிப்பைத் திருத்துவதை நானும் ஏற்க மாட்டேன். 2008-ல் அகன்ற கழுத்தும் முக்கால் கையும் பிடித்திருந்தன, இன்று பிடிக்கவில்லை என்றால் புதிதாக ஒன்றை எழுத வேண்டும். பழையதை விரும்பி வாங்கியவர்களின் ஆடையை அவர்கள் கண்முன்னே மாற்றக் கூடாது. புதிதாக எழுதுவது எவ்வளவு செழிப்பானது என்பதற்கு நல்ல சான்று உண்டு. சிம்மர்மன் 1974-ல் வெளியிட்ட 'நிட்டர்ஸ் ஆல்மனாக்' நூலின் பிப்ரவரி அத்தியாயத்தில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் இருக்கிறது. வடிவமைப்பாளர் பமீலா வின் அதை அடிப்படையாகக் கொண்டு 2008-ல் பெரியவர்களுக்கான 'பிப்ரவரி லேடி ஸ்வெட்டர்' அமைத்தார். ஆயிரக்கணக்கானோர் அதைப் பின்னினார்கள். குழந்தையின் ஸ்வெட்டர் அப்படியே இருக்கிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று நிற்கிறது. ஆனால் இந்த வாதம் ரசனைக்கு மட்டுமே பொருந்தும். கவிதையை வாசகர் தன் உடம்பில் போட்டுக்கொள்வதில்லை, அதற்காக நூல் வாங்குவதில்லை. 88 என்று இருக்க வேண்டிய இடத்தில் 98 என்று அச்சாகியிருந்தால் அதைக் காலத்தின் சாட்சி என்று பாதுகாக்க எந்த நியாயமும் கிடையாது. கழுத்தின் முன்புறமும் பின்புறமும் ஒரே உயரத்தில் அமைந்து தொண்டையை அழுத்தும் ஸ்வெட்டருக்குப் பின்கழுத்தில் சில குறுவரிசைகள் (பாதியில் திரும்பும் வரிசைகள்) சேர்ப்பது அதன் அழகைக் கெடுப்பதில்லை. உடுத்த முடிகிறது, அவ்வளவுதான். பிழையும் போதாமையும் திருத்தப்பட வேண்டியவை. ரசனை விடப்பட வேண்டியது. எது எந்த வகை என்று பிரித்தறிவதுதான் மறுமதிப்பீட்டின் கடினமான பகுதி. பலர் தவறு செய்வதும் இங்கேதான்.

அனுபவம் உள்ளவர் தானே சரிசெய்துகொள்வார் என்பது இன்னொரு வாதம். அமெரிக்கப் பின்னல் எழுத்தாளர் பார்பரா வாக்கர் 1972-ல் 'நிட்டிங் ஃப்ரம் தி டாப்' நூலில் ஸ்வெட்டரை மேலிருந்து கீழே பின்னும் வழிகளைத் தொகுத்தார். ஊசியில் இருக்கும்போதே மாட்டிப் பார்த்து நீளத்தையும் அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அந்த முறையின் பெரிய நன்மை. பின்னுகிறவரைச் சிந்திக்க வைக்கும் குறிப்பு உயர்ந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிந்திக்க இடம் விடுவதும், பிழையைச் சுமத்திவிட்டுக் கண்டுபிடி என்பதும் வேறு வேறு. அனுபவசாலி சரிசெய்துகொள்வார், முதன்முறை பின்னுகிறவர் தனக்கு இது வராது என்று ஊசியை வைத்துவிடுவார். குறிப்புகள் முக்கியமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான். மூன்றாவதாக, தன் குழந்தையின் குறை தாய்க்குத் தெரியுமா, வெளியார் ஒருவர் மதிப்பிடட்டும் என்று சொல்பவர்களின் பேச்சில் பொருள் இருக்கிறது. கேஜ் கணக்கில் நாம் பார்த்ததும் எழுதியவரின் கண் நம்பத்தக்கது இல்லை என்பதைத்தானே. அதனால்தான் நான் எழுதியவரின் நினைவையும் மனநிறைவையும் அளவுகோலாகக் கேட்கவில்லை. பிறர் பின்னிய ஆடை, துவைத்த பின் எடுத்த அளவு, நின்றுபோன இடம் ஆகியவற்றை அவர் முன்னே வைக்கிறேன். சாட்சி வெளியிலிருந்து வரட்டும். பொறுப்பு அவரிடம் இருக்கட்டும், ஏனென்றால் எந்த எண்ணை மாற்றினால் எந்த எண் இடிக்கும் என்பது அவருக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

பணம் பற்றிய கேள்வி உண்மையானது. ஒரு குறிப்பின் விலை குறைவு, விற்பனை பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு முடிகிறது, எல்லா அளவுகளையும் மறுபடி கணக்கிட்டு எடிட்டருக்குக் கூலி கொடுத்தால் பழைய குறிப்பு அந்தச் செலவைத் திருப்பித் தராமல் போகலாம். வருமானம் இல்லாத உழைப்பைப் பெண்களிடம் கேட்பது இந்தச் சமூகத்துக்கு எளிது என்பதையும் மறக்கக் கூடாது. இந்தத் துறையில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆகவே எல்லாவற்றையும் இலவசமாகச் செய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எண் பிழைத் திருத்தம் எவருக்கும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும்; அது விற்ற பொருளின் கடன். புதிய அளவுகள், புதிய படங்கள், புதிய விளக்கம் கொண்ட பதிப்பைப் புதிய விலையில் விற்பது நியாயம். பழையதை வாங்கியவருக்கு அது இலவசமாகக் கிடைத்தால் பெருந்தன்மை, தள்ளுபடியில் கிடைத்தாலும் தவறில்லை. விற்பனை நின்றுபோன குறிப்புக்கு உழைக்க முடியாது என்றால் விற்பனையிலிருந்து எடுத்துவிடலாம். பிழை இருப்பது தெரிந்தும் விற்றுக்கொண்டே இருப்பதற்கு மட்டும் பணம் காரணம் ஆகாது.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய நூல் நிறுவனப் பிரசுரங்கள் பெரும்பாலானவற்றில் வடிவமைத்தவர் பெயர் இருக்காது. நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெண்கள் யார், எத்தனை கணக்குப் போட்டார்கள் என்று இன்று அறிய வழியில்லை. பெயரில்லாத வேலைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. பிழையும் பெயரில்லாமலே தங்கிவிட்டது. ஒரு பாலத்தின் வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்துப் போடுகிறார், மருந்துச் சீட்டில் மருத்துவர் கையெழுத்துப் போடுகிறார். கைவேலை என்று ஒதுக்கப்பட்ட பின்னலில் பெயர் போடும் உரிமை வரவே நெடுங்காலம் ஆயிற்று. அந்த உரிமையைப் பெற்றவர்கள் திருத்தும் பொறுப்பையும் ஏற்கும்போது, பின்னல் குறிப்பு கணக்கும் உடற்கூறும் நூலறிவும் சேர்ந்த ஓர் எழுத்து என்பது தானாகவே நிலைநாட்டப்படும். திருத்தம் வெளியிட்டால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பெரிய பின்னல் பத்திரிகைகள் தங்கள் இதழ்களின் பிழைத்திருத்தங்களைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றன. அதனால் அவற்றின் வாசகர்கள் ஓடிவிடவில்லை. அடுத்த ஸ்வெட்டரைத் தொடங்குமுன் அந்தப் பட்டியலைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

நடைமுறையில் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குறிப்பின் முதல் பக்கத்தில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் எந்தப் பக்கத்தில் எந்த எண் என்னவாக மாறியது, ஏன் மாறியது என்று எழுதியிருக்கட்டும். சத்தமில்லாமல் கோப்பை மாற்றிவிடுவது மிக மோசமான வழி: பழைய தாளை அச்செடுத்து வைத்திருக்கும் ஒருவரும் புதிய கோப்பைத் திறந்திருக்கும் ஒருவரும் ஒரே வரிசையைப் பற்றிப் பேசும்போது இருவருக்கும் பைத்தியம் பிடிக்கும். பழைய பதிப்பு கேட்பவருக்குக் கிடைக்க வேண்டும், ஏனென்றால் உடலை முடித்துவிட்டு ஒரு கையில் நிற்பவருக்கு இரண்டாவது கையும் முதல் கையைப் போலவே வர வேண்டும். அப்படி நடுவில் இருப்பவருக்காகத் திருத்தத்தில் ஒரு வரி தனியாகச் சேர்க்க வேண்டும்: நீங்கள் அக்குளைத் தாண்டிவிட்டால் பழைய எண்களிலேயே தொடருங்கள், தாண்டவில்லை என்றால் இந்த இடத்திலிருந்து புதிய எண்களுக்கு மாறுங்கள்.